மான்கொம்புக்கு நீலம் ஏறிய வாரம்

என் மனைவியின் அண்ணன் கல் வளர்க்கிறார் என்று சொன்னால் சிரிக்காத ஆள் இல்லை. நானும் சிரித்தவன்தான். பதினோரு வருடம் அவருக்குப் படகு ஓட்டிய பிறகு எனக்குச் சிரிப்பு போய்விட்டது. இப்போது யாராவது சிரித்தால் கோபம்தான் வருகிறது. அது கல் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லைக் கட்டி அதற்குள் குடியிருக்கிற உயிர். மச்சானைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் என் யோக்கியதையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். சொல்கிறேன், என்ன இப்போது.

மச்சானுக்குத் தொழில் டைல்ஸ் போடுவது. ஊரில் பாதிக் குளியலறைகளின் தரை அவர் கை போட்டது. போட்ட மறுநாள் ஒவ்வொரு டைலையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். அடியில் காற்று நின்றிருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அப்படி ஒன்று அகப்பட்டால் வீட்டுக்காரர் கெஞ்சினாலும் விடமாட்டார், பெயர்த்துவிட்டுத்தான் மறுவேலை. "போகட்டும் மேஸ்திரி, யாருக்குத் தெரியப்போகுது" என்று ஒருவர் சொல்ல, "எனக்குத் தெரியுமே" என்று உளியை எடுத்தாராம். வெட்டி மிஞ்சிய துண்டுகளை எறியவும் மாட்டார். "எந்த மூலைக்காவது ஆகும்" என்று சாக்கில் கட்டி வைப்பார். அவர் வீட்டுப் பின்கட்டில் அந்தச் சாக்குகளைத் தாண்டிக் குதித்துத்தான் குளிக்கப் போக வேண்டும்.

கடற்கரையில் இருக்கிற ஆராய்ச்சி நிலையத்தின் கழிப்பறைக்குத் தரை போடப் போன இடத்தில்தான் அவர் வாழ்க்கை திசை மாறியது. அங்கே பவளப்பாறைகளைக் கவனிக்கிற மேடம் இவர் வேலை செய்வதை நின்று பார்த்திருக்கிறார். "மேஸ்திரி, தண்ணிக்குள்ள ஒட்ட முடியுமா?" என்று கேட்டார். "ஒட்டாததுன்னு ஒண்ணு இல்ல மேடம். பிசையிறதுல இருக்கு" என்று இவர் சொன்னார். அவ்வளவுதான். நாற்பத்திரண்டு வயதில், மற்றவர்கள் முட்டிவலிக்குத் தைலம் தேடுகிற வயதில், மனிதர் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கப் பழகினார்.

படகு ஓட்ட ஆள் வேண்டும் என்றார்கள். என்னைச் சேர்த்துவிட்டார். எனக்கு நீச்சல் தெரியாது. படகுக்காரனுக்கு நீச்சல் தெரியாதா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். லாரி ஓட்டுகிறவன் லாரிக்கு முன்னால் ஓடிக் காட்டிவிட்டா ஏறுகிறான்? விதிப்படி மச்சானோடு இன்னொருவரும் தண்ணீரில் இறங்க வேண்டும். அந்த இன்னொருவர் பதினோரு வருடமாகக் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறார். கீழே மச்சான், மேலே நான்.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. இடத்துக்குப் போனதும் அங்கே மிதக்கிற பெரிய மிதவையில் படகைக் கட்டுவேன். அந்த முடிச்சு அவிழ்ந்தால் படகு நீரோட்டத்தில் போய்விடும், நீந்திப் பிடித்துக் கொண்டுவர என்னால் ஆகாது, மச்சான் மேலே வரும்போது வெறும் கடல்தான் இருக்கும். "கட்டியாச்சா?" என்று கேட்பார். "கட்டியாச்சு மச்சான்" என்பேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் முதுகுப்பக்கமாகத் தண்ணீரில் விழுவார். ஒரு நாளும் முன்பக்கம் வந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்ததில்லை. தட்டிப் பார்க்காமல் எந்த டைலையும் நம்பாத மனிதர், என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை நம்பிக் குதித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் விரிகுடாவில் மான்கொம்புப் பவளம் ஒரு விளையாட்டு மைதானம் அளவுக்குப் படர்ந்திருந்தது. பெயருக்கேற்றபடி கிளை கிளையாக இருக்கும். மச்சான் வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருடம் கடல் சூடேறி எல்லாம் செத்துப்போனது. அப்போது படகு பழுதாகி மூன்று வாரம் கரையில் கிடந்தது. நாங்கள் போய்ப் பார்த்தபோது அடியெல்லாம் எலும்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. விரிகுடாவின் வாயில் ஒரு கூடை அளவு புதர் மட்டும் தப்பியிருந்தது. அதிலிருந்து விரல் நீளத் துண்டுகளை வெட்டி, சிமெண்ட் வில்லைகளில் ஒட்டி, குழாய்ச் சட்டங்களில் வைத்து வளர்த்தார். வளர்ந்ததை வெட்டி மறுபடி ஒட்டினார். இடையில் ஒரு புயலில் அந்தக் கூடைப் புதரும் உடைந்து மண்ணுக்குள் போனது. ஏழு வருடத்தில் பன்னிரண்டு சட்டங்கள், சட்டத்துக்கு முப்பத்தாறு. நானூற்று முப்பத்திரண்டு துண்டுகள். எங்கள் கடலில் மிச்சமிருந்த மான்கொம்பு அவ்வளவுதான். வெயில் தணிந்ததும் அவற்றைப் பழைய இடத்திலேயே நட்டுவிடுவதாகத் திட்டம்.

வளர்ச்சி இல்லாமல் கோணல்மாணலாக நின்ற சில துண்டுகளை மேடம் கழித்துவிடச் சொன்னார். மச்சான் தலையை ஆட்டிவிட்டு, அவற்றைக் கொண்டுபோய்ப் படகுத்துறையின் அடியில், தூண்களுக்கு இடையே ஒரு பழைய இரும்புத் தட்டில் ஒட்டி வைத்தார். வெயில் நேரே விழாத, வெளிச்சம் மட்டும் கசிகிற இடம். "இது எதுக்கு மச்சான்?" என்று கேட்டேன். எந்த மூலைக்காவது ஆகும் என்றார். டைல்ஸ் புத்தி எங்கே போகும்.

இந்தப் பவளத்தின் சங்கதியை மேடம் ஒரு நாள் படகில் வைத்து எங்களுக்குச் சொன்னார். ஒவ்வொரு கிளையிலும் ஆயிரக்கணக்கில் பொடிப்பொடி உயிர்கள். அவற்றின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் சமைக்கிறது, பவளம் சாப்பிடுகிறது. மான்கொம்பின் தவிட்டு நிறம் அந்தப் பாசியின் நிறம்தான். தண்ணீர் சூடானால் வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் ஒத்துப்போகாது, பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். பிறகு வெளுத்துப்போய்ப் பட்டினியில் சாகும். "குடித்தனக்காரங்க சமைச்சுப் போட வீட்டுக்காரங்க உக்காந்து சாப்பிடுறாங்களா, நல்ல பொழப்பு" என்றேன். மேடம் சிரித்துவிட்டு மச்சானிடம் சொன்னார், "நிறம் வெளுக்க ஆரம்பிச்சா ஒரு நாள்கூட யோசிக்காதீங்க மேஸ்திரி. சட்டத்தை இறக்கிடுங்க."

சட்டங்கள் மிதவைகளில் தொங்கின. பன்னிரண்டு அடி ஆழத்தில், நல்ல வெளிச்சத்தில். கயிற்றை விட்டால் நாற்பது அடிக்குப் போய்விடும். அங்கே கொஞ்சம் குளிர்ச்சி, வெளிச்சமும் மங்கல். ஆனால் இறக்கும்போது கிளைகள் உடையும், இருட்டில் வளர்ச்சியும் நின்றுவிடும். அதனால் தேவையில்லாமல் யாரும் இறக்கமாட்டார்கள்.

இனி மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மச்சானுக்கு ஒரே பெண். அவளுக்குப் பத்து வயதாகும்போது தாய் இறந்துபோனாள். அதன்பின் அத்தையான என் மனைவிதான் வளர்த்தாள், எங்கள் வீட்டில்தான் படித்தாள். அப்பா கடலிலிருந்து வந்து எட்டிப்பார்ப்பார், கையெல்லாம் சிமெண்டோடு தலையைத் தடவுவார், போய்விடுவார். கல்லூரியில் பட்டம் வாங்குகிற நாளுக்குக் கட்டாயம் வருவதாக வாக்குக் கொடுத்தார். அன்று விடிகாலை காற்றில் மூன்று சட்டங்களின் கயிறு அறுந்துவிட்டது. நாங்கள் கரைக்கு வந்தபோது சாயங்காலம். என் மனைவி மட்டும் போயிருந்தாள். "அப்பாவுக்குக் கல்லுதான் பொண்ணு அத்தை, நான் சும்மா" என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போனவள், மூன்று வருடம் வரவில்லை. போன் செய்தால் அத்தையோடு அரைமணி நேரம், அப்பாவோடு அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்காக மனிதர் குளித்து முடித்து எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

அந்த வருடம் காற்று அப்படியே நின்றுவிட்டது. கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. கையை விட்டால் குளிக்க வைத்த வெந்நீரின் சூடு. மச்சான் தினமும் இறங்கிப் பார்த்து, மேலே வந்ததும் தண்ணீரின் சூட்டைக் காட்டும் அளவுமானியை என்னிடம் கொடுப்பார். முப்பது, முப்பத்தொன்று என்று நான் நோட்டில் எழுதுவேன். "வெளுத்திருக்கா?" என்று கேட்பேன். "இல்ல" என்பார். அந்த 'இல்ல'வைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும். நான் ஒன்றும் பவளத்துக்குப் பிறந்தவன் இல்லை, ஆனால் ஏழு வருடம் ஒரு மனிதர் முதுகு வளைந்து ஒட்டுவதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மேலே வந்தவர் வாயிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டுப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்.

"என்ன மச்சான், போச்சா?"

"வாளியை எடுத்துப் பாரு."

அடியில் கண்ணாடி வைத்த வாளி ஒன்று எனக்கென்றே வைத்திருந்தோம். தண்ணீரில் அழுத்திக் குனிந்தால் கீழே தெளிவாகத் தெரியும். குனிந்தேன். தவிட்டு நிறத்தில் இருந்த அத்தனை மான்கொம்பும் நீலமாகியிருந்தது. நீலம், ஊதா, நுனியில் மட்டும் ரோஜா நிறம். உள்ளே விளக்குப் போட்ட மாதிரி ஒளி. பதினோரு வருடத்தில் அப்படி நான் பார்த்ததில்லை. யாரும் பார்த்ததில்லை.

"என்னத்தப் போட்டீங்க மச்சான்?"

"நான் ஒண்ணும் போடல. அதுவா வந்திருக்கு." அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அவர் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. "நமக்கு எல்லாம் பிடிச்சுக்கிச்சு மாப்ளே. தளதளன்னு நிக்குது."

மேடம் அப்போது ஒரு கூட்டத்துக்காக வெளியூர் போயிருந்தார். படகிலிருந்தே போன் போட்டோம்.

"வெளுத்திருக்கா மேஸ்திரி?"

"வெளுக்கவே இல்ல மேடம். நிறம் ஏறியிருக்கு. நல்ல அழகா இருக்கு."

"ஏறியிருக்கா?" கொஞ்சம் யோசித்தார். பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "போட்டோ எடுங்க. இன்னைக்கே ஆபீஸ்ல குடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்க. பாத்துட்டு சொல்றேன்."

மச்சான் மறுபடி இறங்கிப் படம் எடுத்தார். காமிராவிலிருந்து கார்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். விரல் நகம் அளவு பொருள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இங்கேதான் என் யோக்கியதை வருகிறது. ஆபீஸில் ஒரு ஸ்டோர்காரர் இருந்தார். முந்தின வாரம் இன்ஜின் பெல்ட் கேட்டுப் போனபோது என்னை ஒரு மணி நேரம் வாசலில் நிற்க வைத்தார். பிறகு, "ஈரக்காலோட உள்ள வராதே, இப்பத்தான் தரை துடைச்சிருக்கு" என்றார். அந்தத் தரை என் மச்சான் போட்ட தரை. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே கத்தியிருந்தால் தீர்ந்திருக்கும். கத்தவில்லை, உள்ளேயே வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை கார்டோடு அந்த வாசல் வரை போனேன். உள்ளே அவர் தலை தெரிந்தது. இந்த ஆள் மூஞ்சியில் இன்றைக்கு முழிக்க வேண்டுமா, திங்கட்கிழமை கொடுத்தால் குடியா முழுகிவிடும் என்று திரும்பி நடந்தேன். நல்ல படம்தானே, நல்ல செய்திதானே, இரண்டு நாள் தாமதமானால் என்ன?

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சனிக்கிழமை காலையில் மச்சான், "கார்டைக் குடுத்திட்டியா?" என்று கேட்டார்.

"குடுத்தாச்சு" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. இல்லை என்றால் கோபப்படுவார், காலையில் எதற்கு வம்பு என்று நினைத்தேன். வாய் முந்திக்கொண்டது.

அன்று அளவுமானி முப்பத்திரண்டு காட்டியது. மச்சான் மேலே வந்ததும் மிதவையின் கயிற்றில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"இறக்கிடலாமா மாப்ளே? சூடு ஜாஸ்தியா இருக்கு."

"வெளுக்கலையே மச்சான். எதுக்கு?"

"அதான். வெளுக்கல." கையை எடுக்கவில்லை. பிறகு, "மேடம் படத்தைப் பாத்திருப்பாங்க. தப்பா இருந்தா உடனே போன் பண்ணியிருப்பாங்க" என்றார்.

நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். சட்டைப்பையில் கார்டு இருந்தது. திறக்கவில்லை. அதற்குப் பதிலாக என்ன சொன்னேன் தெரியுமா? "நாளைக்குப் பொண்ணு வருது. இறக்கிட்டா எங்க பாக்கும்? நாப்பது அடிக்கா இறங்கும்? ஒரு தடவ பாக்கட்டும் மச்சான்."

என் மனைவி தலைகீழாக நின்று சம்மதிக்க வைத்து, மூன்று வருடம் கழித்து மகள் இரண்டு நாள் விடுப்பில் வருவதாக இருந்தது. மச்சான் கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகளைப் படகில் ஏற்றினோம். வரும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். "உங்க கல்லைப் பாக்கத்தான் லீவு போட்டு வந்தேனாப்பா?" என்றாள். மச்சான் அவளுக்குக் கண்ணாடி முகமூடியை மாட்டிவிட்டு, ஏணியில் இறக்கி, தான் தண்ணீரில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார். அவள் முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவே இல்லை. பயந்துவிட்டேன். கடைசியில் தலையைத் தூக்கி முகமூடியைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது. உப்புத் தண்ணீர் பட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன், ஆனால் அது இல்லை.

"இத்தனையும் நீங்க ஒட்டினதாப்பா?"

"ஆமாடா."

"ஒவ்வொண்ணா?"

"ஒவ்வொண்ணாத்தான்."

"என்கிட்ட இப்படி இருக்கும்னு சொல்லவே இல்லையே."

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் அப்பாவும் மகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பசையை எப்படிப் பிசைய வேண்டும் என்று மச்சான் சோற்றை வைத்துச் செய்துகாட்ட, அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். என் மனைவி சமையலறைக்குப் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எனக்கும் மனசு நிறைந்திருந்தது. கார்டு பற்றிய நினைப்பே இல்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஸ்டோர்காரர் இல்லாத நேரம் பார்த்து ஆபீஸில் கார்டைக் கொடுத்தேன். பத்தே முக்காலுக்குப் போன் வந்தது. மச்சான் பேசட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன்.

"மேஸ்திரி, இது எப்ப எடுத்தது?" மேடம் அவசரமாகக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை மேடம்."

"இது நல்ல நிறம் இல்ல மேஸ்திரி. உள்ள இருந்த பாசி கிளம்பிடுச்சு. வெயில் நேரா உடம்புல படுது. தாங்க முடியாம, தன்னைக் காப்பாத்திக்க அதுவே ஒரு நிறத்தைப் பூசிக்குது. வெளுக்கிறதுக்கு முன்னாடி வர்ற கட்டம் இது. எல்லா இடத்துலயும் வராது, அதனால சொல்லித்தரணும்னு எனக்குத் தோணல. உடனே இறக்குங்க. எல்லாத்தையும்."

பன்னிரண்டு சட்டங்களையும் மச்சான் தனியாக இறக்கி முடிக்க இரண்டு மணி ஆனது. நான்கு சிலிண்டர் காற்றைக் காலி செய்தார். மேலே வந்தபோது விரல்களில் தோல் உரிந்திருந்தது. புதன்கிழமை நீலம் மங்கியது. வெள்ளிக்கிழமை அத்தனையும் வெள்ளை. அதற்கடுத்த வாரம் வெள்ளைமேல் பச்சையாக வழவழப்புப் படிய ஆரம்பித்தது, அது படிந்தால் முடிந்தது என்று அர்த்தம். மச்சான் ஒரு வில்லையை மேலே கொண்டுவந்து, மடியில் வைத்து, விரல் முட்டியால் தட்டினார். என்ன கேட்டதோ தெரியாது. துணியில் சுற்றி வைத்துவிட்டு, "கரைக்கு விடு" என்றார்.

மேடம் ஊரிலிருந்து வந்ததும் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கோபமாக இல்லை, அழுது ஓய்ந்த மாதிரி இருந்தார். "வெள்ளிக்கிழமை எடுத்த படம் எனக்குத் திங்கட்கிழமைதான் வந்துச்சு. நடுவுல என்ன ஆச்சு?"

மச்சான் என் பக்கம் திரும்பினார். ஒரு நொடிதான். கொடுத்தாச்சு என்று நான் சொன்னது பொய் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. பிறகு மேடத்தைப் பார்த்துச் சொன்னார், "என் தப்பு மேடம். பொண்ணு வர்ற சந்தோஷத்துல கார்டைக் கையிலயே வச்சுட்டேன்."

"வெள்ளிக்கிழமையே இறக்கியிருந்தா பொழச்சிருக்குமான்னு சொல்ல முடியாது" என்றார் மேடம். "பாதி பொழச்சிருக்கலாம். ஒண்ணுமே பொழைக்காமலும் போயிருக்கலாம்." அந்த 'சொல்ல முடியாது' மச்சானுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார். எந்தப் பக்கமும் சாய விடாமல் அது என்னைப் பிடுங்கித் தின்கிறது.

வெளியே வந்ததும் மச்சான் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் நேராக வீட்டுக்கு நடந்துவிட்டார். மறுநாள் படகை மிதவையில் கட்டினேன்.

"கட்டியாச்சா?"

"கட்டியாச்சு மச்சான்."

சிலிண்டரை மாட்டியிருந்தவர் எழுந்து, துடுப்புச் செருப்போடு தத்தித் தத்தி முன்பக்கம் வந்து, குனிந்து, முடிச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு போய்க் குதித்தார். நான் இன்ஜின் மேல் உட்கார்ந்து அவர் விட்ட குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். ஒரு வார்த்தை கிடையாது, ஒரு முறைப்பு கிடையாது. எழுந்து வருவார், இழுத்துப் பார்ப்பார், போவார். அந்தப் பத்து அடியை அவர் நடந்து வரும்போது எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது.

இதில் இன்னொரு கொடுமை. மகள் இப்போது வாரம் தவறாமல் அப்பாவுக்கே போன் செய்கிறாள். "எப்படிப்பா இருக்கு நம்ம தோட்டம்?" என்பாள். 'நம்ம' என்பாள். மச்சான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, "நல்லா இருக்குடா" என்பார். தட்டிப் பார்த்துக் காற்று நின்ற டைலைப் பெயர்த்த மனிதர், வாரா வாரம் வாய் கூசாமல் பொய் சொன்னார். அந்தப் பெண் தன் ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள், எங்கப்பா கடலுக்குள் நீலத் தோட்டம் போட்டிருக்கிறார் என்று. மூன்று வருடம் கழித்துக் கிடைத்த மகளை எப்படி விடுவார்? எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் தூக்கம் வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து அவள் மறுபடி வருவதாகச் சொன்னாள். "ரெண்டு நாள்ப்பா. முதல் நாளே கூட்டிட்டுப் போயிடுங்க."

அன்று காலை மச்சான் படகை எடுக்கவில்லை. "வா" என்று படகுத்துறையின் அடிக்கு அவளை அழைத்துப் போனார். கண்ணாடி வாளியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். தூண்களுக்கு நடுவே இடுப்பளவுத் தண்ணீரில் நின்றோம். அவர் எறிய மனசில்லாமல் வைத்த கழிசல் துண்டுகள் இருபத்து மூன்றில் பதினேழு அங்கே உயிரோடு இருந்தன. நிழல் காப்பாற்றியிருந்தது. இந்தச் சேதியை வெயில் தணிந்த பிறகுதான் மச்சானே கண்டுபிடித்தார்.

மகள் வாளிக்குள் குனிந்தாள். "என்னப்பா இது, அழுக்கா இருக்கு. அந்த நீலம் எங்க?"

"இதுதான் அது. உயிரோட இருந்தா இந்த நிறம்தான்." மச்சான் வாளியின் பிடியைத் தடவிக்கொண்டே சொன்னார். "நீ பாத்தது... அப்பவே போயிட்டிருந்துச்சுடா. அஞ்சு நாள்ல எல்லாம் வெளுத்துடுச்சு."

அவள் நிமிர்ந்தாள். "நான் பாத்தப்பவா?"

"ஆமா."

"நாம சிரிச்சுட்டு சாப்பிட்டோமே, அன்னைக்கா?"

மச்சான் தலையை ஆட்டினார். "எனக்குத் தெரியாதுடா. சூடு ஏறினப்பவே ஆழத்துக்கு இறக்கியிருக்கணும், இறக்கல. அப்புறம் உன்கிட்ட சொல்ல மனசு வரல."

"எனக்காகத்தான் இறக்காம வச்சிருந்தீங்களா?" அவள் குரல் உடைந்தது. அந்தப் பழியை அவள் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"உனக்காக இல்லம்மா" என்றேன். "மேடத்துக்கு அனுப்ப வேண்டிய போட்டோ கார்டு என் பாக்கெட்ல இருந்துச்சு. மூணு நாள். குடுத்துட்டேன்னு உங்கப்பாகிட்ட பொய் சொன்னேன். மேடம் பாத்துட்டாங்கன்னு நம்பித்தான் அவர் இறக்கல. ஆபீஸ்ல தன் தப்புன்னு சொல்லிட்டார். நான் பக்கத்துல மரம் மாதிரி நின்னேன்."

அவள் என்னைப் பார்த்தாள். வளர்த்த மாமா. என்ன நினைத்தாளோ, அப்பா பக்கம் திரும்பினாள். "ஏன்ப்பா சொல்லல?"

"சொன்னா படகுக்கு வேற ஆளைப் போட்டுருவாங்க." மச்சான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீச்சல் தெரியாதவன்தான், ஆனா பதினோரு வருஷமா எனக்கு மேல நின்னவன். வேற யாரும் மேல நின்னா எனக்கு இறங்க வராது."

மகள் வாளியை மறுபடி தண்ணீரில் அழுத்திக் குனிந்து எண்ண ஆரம்பித்தாள். "பதினாறு இருக்குப்பா."

"பதினேழு. தூணுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கு. எட்டிப் பாரு."

எட்டிப் பார்த்தாள். இருந்தது.

மறுநாள் அவள் ஊருக்குப் போன பிறகு நாங்கள் படகை எடுத்தோம். பதினேழில் பெரியதாக இருந்த நான்கை வெட்டிப் புதுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். மிதவைக்குப் போய்ச் சேர்ந்து கயிற்றைக் கட்டினேன். மச்சான் சிலிண்டரை மாட்டிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தார்.

"கட்டியாச்சா?"

"கட்டியாச்சு மச்சான்."

அவர் எழவில்லை. முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டு, வாயில் குழாயை வைத்து, பழையபடி முதுகுப்பக்கமாக விழத் தயாரானார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஐந்து மாதமாக நான் ஏங்கியது இதற்குத்தான். ஆனாலும் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"ஒரு தடவ பாத்துட்டு வந்துடுங்க மச்சான்" என்றேன்.

கண்ணாடிக்குள் இருந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, தத்தித் தத்தி முன்பக்கம் போய், முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து தண்ணீரில் விழுந்தார்.